திரை இருண்டால் கணக்கு அழியுமா?

பெங்களூர் தொம்மலூரில் சொக்கநாதர் கோயில் இருக்கிறது. அங்கே சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டிய தமிழ் எழுத்துகள் உள்ளன. இருட்டில் அவை தெரியாது. ஆனால் அழிந்து போகாது.

கம்ப்யூட்டரும் இப்படித்தான். நிறுத்தி மறுபடி போட்டால் சில நேரம் திரையில் ஒன்றும் தெரியாது. உள்ளே ஃபேன் மட்டும் சுற்றும். கடைக் கணக்கு போயிற்றே என்று பலர் பயப்படுவார்கள். சேவ் செய்த கணக்கு பெட்டிக்குள் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும்.

என்ன செய்யலாம்?

1. திரையின் சிறு விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் சுவிட்சையும் பிளக்கையும் பாருங்கள்.

2. விளக்கு எரிகிறதா? கம்ப்யூட்டரை நிறுத்துங்கள். திரைக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள வயரை இரண்டு பக்கமும் அழுத்திச் செருகுங்கள்.

3. 'பீப், பீப்' என்று சத்தம் வருகிறதா? 'ரேம்' என்னும் சிறிய அட்டை நழுவியிருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அவரும் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்.

மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லுங்கள்: "உள்ளே கணக்கு இருக்கிறது. கேட்காமல் ஃபார்மட் செய்யாதீர்கள்."

ஃபார்மட் செய்தால் கணக்கு போய்விடும். ரேமைச் சரிசெய்ய அது தேவையில்லை.

திரை வந்ததும் கணக்கைப் பென் டிரைவில் இன்னொரு நகல் எடுத்து வையுங்கள்.