2050-ஆம் ஆண்டின் பட்டதாரிகள் பிறந்துவிட்டார்கள்

ஒரு நாட்டில் 2050-இல் எத்தனை பட்டதாரிகள் இருப்பார்கள் என்று இப்போதே சொல்வது ஜோசியம் போலத் தோன்றும். ஆனால் மக்கள்தொகை ஆய்வாளர்கள் ஓரளவு துணிந்து சொல்லக்கூடிய சில விஷயங்களில் இதுவும் ஒன்று. காரணம் எளிது. முப்பது வயதுக்குள் படித்து முடித்ததுதான் பெரும்பாலோருக்குக் கடைசிவரை படிப்பு. 2025-இல் 30 வயதாகி, பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவர் 2050-இல் 55 வயதிலும் பத்தாம் வகுப்புதான்.

ஆகவே, எந்த வயதினர் எவ்வளவு படித்திருக்கிறார்கள் என்ற அட்டவணை கையில் இருந்தால், ஐந்தைந்து ஆண்டாக அவர்களை மேலே நகர்த்திக்கொண்டு போகலாம். வழியில் இறப்பவர்களைக் கழிக்க வேண்டும். படித்தவர்கள் சராசரியாகக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள், படித்த பெண்கள் குறைவாகப் பிள்ளை பெறுகிறார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெளிநாடு போகிறவர், வருகிறவர் கணக்கு தனி. ஆஸ்திரியாவில் மக்கள்தொகை ஆய்வாளர் வோல்ஃப்காங் லுட்ஸின் குழுவினர் நாடுவாரியாக 2100 வரை போட்டிருக்கும் கணிப்புகள் இந்த முறையில்தான் தயாராகின்றன. இதே லுட்ஸ் 1990-களில் மக்கள்தொகைக்கும் வளர்ச்சிக்கும் சுற்றுச்சூழலுக்கும் உள்ள உறவை ஆராய எடுத்துக்கொண்ட நாடு மொரிஷியஸ்.

ரூபாய் நோட்டில் தமிழும் அச்சிடும் அந்த மொரிஷியஸையும், நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும் மாலத்தீவையும் சேர்த்து வைத்துப் பார்ப்போம். முன்னதில் சுமார் 12 லட்சம் பேர். பின்னதில் 2022 கணக்கெடுப்பின்படி சுமார் 5.15 லட்சம் பேர். இரண்டிலும் பிள்ளைகள் எழுதுவது கேம்பிரிட்ஜ் தேர்வு. இரண்டிலும் பிறப்பு விகிதம் சரிந்துவிட்டது.

மொரிஷியஸில் இடைநிலைக் கல்வி 1977-இல் இலவசமானது. அதற்கு முந்தைய மாதம்தான் தேர்தல் நடந்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதுவரை கட்டணம் கட்ட வேண்டும் என்பதால், பல வீடுகளில் மகனுக்குத்தான் முதல் உரிமை. ஒரு வீட்டில் 1955-இல் பிறந்த அக்காவும் 1965-இல் பிறந்த தங்கையும் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கல்வி இலவசமானபோது அக்காவுக்கு 22 வயது; பள்ளிக் காலம் கடந்துவிட்டது. தங்கைக்கு 12, சரியாக வாசலில் நிற்கிறாள். பத்து வயது இடைவெளியில் விழுந்த இந்தப் படி அட்டவணையில் இன்னும் அப்படியே இருக்கிறது. 2050-இல் தங்கைக்கு 85 வயது. அப்போதுதான் அந்தப் பழைய படி ஏணியின் உச்சியைத் தாண்டி மறையப்போகிறது.

மாலத்தீவில் இதே படி வெகு தாமதமாக வந்தது. பல பத்தாண்டுகள் மேல்வகுப்பு என்றால் தலைநகர் மாலேதான். வெளித்தீவுப் பிள்ளைகள் அங்கே யாராவது வீட்டில் தங்கி, வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு படித்தார்கள். பிறகு தீவுதோறும் பள்ளிகள் வந்தன. 2019-இலிருந்து முதல் பட்டப்படிப்புக்கும் அரசே பணம் கட்டுகிறது. ஆக, அங்கே தாத்தாவுக்கும் பேத்திக்கும் படிப்பில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

கல்விக் கணிப்புகளின் வரைபடத்தில் மாலத்தீவின் கோடு செங்குத்தாக ஏறுவதற்கும் மொரிஷியஸின் கோடு சாய்வாகப் போவதற்கும் முக்கியக் காரணம் இதுதான். படிக்காத மூத்த தலைமுறை விடைபெற, படித்தவர்கள் அந்த வயதுக்கு ஏறுகிறார்கள். இனி ஒரு புதிய பள்ளியைக்கூடத் திறக்காவிட்டாலும் மாலத்தீவின் சராசரி சில பத்தாண்டுகளுக்கு உயரும். ‘மாலத்தீவு வேகமாக முன்னேறுகிறது, மொரிஷியஸ் தேங்குகிறது’ என்று இதற்குத் தலைப்புப் போட்டால் அது தவறான வாசிப்பு.

சின்ன நாடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு வயதுப் பிரிவில் ஆறாயிரம் பேர் என்றால், முந்நூறு பட்டதாரிகள் ஆஸ்திரேலியாவுக்கோ மலேசியாவுக்கோ போனாலே ஐந்து சதவீதம் காலி. இந்தியாவில் இது தூசு; தீவில் கோடே வளைந்துவிடும். உள்ளே வருகிறவர்கள் விஷயம் இன்னும் பெரிது. 2022 கணக்கெடுப்பில் மாலத்தீவில் வசித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வெளிநாட்டவர். கட்டுமான வேலைக்கும் விடுதி வேலைக்கும் வந்தவர்கள் அதிகம். அவர்களைச் சேர்த்தால் வேலை செய்யும் வயதினரின் படிப்பு ஒரு மாதிரி, சேர்க்காவிட்டால் வேறு மாதிரி. பள்ளிகள் மாலத்தீவுப் பிள்ளைகளுக்கு என்ன செய்தன என்று அறிய வேண்டுமானால் குடிமக்களை மட்டும் எண்ணுவதே சரி. அடிக்குறிப்பில் இது தெளிவாக இல்லாத ஒப்பீட்டை நான் ஒதுக்கிவிடுவேன்.

2050-ஐத் தாண்டினால் கதை மாறுகிறது. அந்த ஆண்டில் 25 வயதைக் கடந்திருக்கும் அத்தனை பேரும் ஏற்கெனவே பிறந்தவர்கள். 2100-இல் 75 வயதுக்கு உட்பட்ட யாரும் 2025 தொடங்கியபோது பிறந்திருக்கவில்லை. அவர்கள் எவ்வளவு படிப்பார்கள் என்பது முழுக்க அனுமானம். அதனால் ஒரே கணிப்பாக இல்லாமல் பல பாதைகள் போடுகிறார்கள்: கல்வி வேகமாகப் பரவினால், இப்போதைய போக்கில் போனால், அப்படியே நின்றுபோனால். இரண்டு தீவுகளை ஒப்பிடும்போது ஒன்றுக்கு வேகப் பாதையையும் மற்றதற்கு நடுப் பாதையையும் எடுத்துக்கொண்டால் வித்தியாசம் முழுக்க நாம் உண்டாக்கியதே.

இந்தப் பாதைகள் பருவநிலை ஆய்வாளர்களின் தேவைக்காகவும் வகுக்கப்பட்டவை. ஆனால் பருவநிலை மாற்றம் மக்களை என்ன செய்யும் என்பது அவற்றின் அடிப்படைக் கணக்கில் சேர்வதில்லை. சராசரியாகக் கடல் மட்டத்துக்கு மேலே ஒன்றரை மீட்டர் உயரமே உள்ள மாலத்தீவு, அந்த அட்டவணையில் 2100 வரை எதுவும் நடக்காததுபோலப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.