ஒலவக்கோடு முதல் அகளி வரை: காப்பிக் கடைகளுக்கு ஒரு வழித்துணை



ஐரோப்பாக் கண்டத்து வியன்னா மாநகரின் காப்பிக் கடைகளைப் பற்றிய பயணக் கையேடு ஒன்றை அண்மையில் நண்பர் ஒருவர் எமக்குப் படிக்கத் தந்தார். 1685ஆம் ஆண்டில் யோகன்னஸ் தியோடாட்டோ என்னும் ஆர்மீனிய வணிகர் அந்நகரில் காப்பி விற்கும் உரிமை பெற்றார். அன்று தொடங்கிய வழக்கம் இன்றளவும் அங்கே தழைத்திருக்கிறது. 1876இல் திறக்கப்பட்ட 'சென்ட்ரல்' என்னும் கடையில் எழுத்தாளரும் சதுரங்கம் ஆடுவோரும் பொழுதெல்லாம் அமர்ந்திருப்பராம். காப்பிக் கோப்பையுடன் ஒரு குவளைத் தண்ணீரும் தட்டில் வைத்துத் தருவர். செய்தித்தாள்களை மரச்சட்டத்தில் கோத்துத் தொங்க விட்டிருப்பர். ஒரே கோப்பை வாங்கியவர் எத்தனை நாழிகை இருந்தாலும் எழுப்புவாரில்லை. இவ்வழக்கத்தை நாட்டின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக 2011இல் ஆஸ்திரியாவின் யுனெஸ்கோ ஆணையம் பட்டியலில் சேர்த்தது.

யாம் வியன்னா செல்லப் போவதில்லை. புகைவண்டி எழுத்தருக்கு இலவசப் பயணச்சீட்டு உண்டெனினும் அது கடலைத் தாண்டாது. ஆனால் ஒலவக்கோட்டிலிருந்து அகளியிலுள்ள எம் மாமனார் வீட்டிற்கு மாதம் ஒருமுறையேனும் சென்று வருகிறோம். நம் சங்க அன்பர் பலரும் இவ்வழியே சென்று வருபவர்கள். ஆதலின் இவ்வழியில் எங்கே எதைப் பருகலாம், எதை உண்ணலாம் என்று எழுதினால் பயன்படுமே என எண்ணினோம். எழுதப் புகுந்தபின், காப்பியைக் காட்டிலும் பெரியதொரு விஷயம் குறுக்கே வந்து நின்றது. அதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

ஒலவக்கோட்டில்

1861இல் பேப்பூருக்கும் திரூருக்கும் இடையே மலபாரின் முதல் புகைவண்டி ஓடிற்று. அடுத்த ஆண்டே இருப்புப்பாதை பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போத்தனூரை எட்டியது. 1956இல் போத்தனூர்க் கோட்ட அலுவலகம் கலைக்கப்பட்டு, ஒலவக்கோடு கோட்டத்தின் தலைமையிடமாயிற்று. எம் பாட்டனார் பெட்டி படுக்கையுடன் இங்கே குடியேறியது அப்பொழுதுதான். நம்மிற் பலர் குடும்பங்களுக்கும் இதுவே வரலாறாக இருக்கக்கூடும். இன்று நிலையத்தின் பெயர்ப்பலகையில் 'பாலக்காடு சந்திப்பு' என்றிருப்பினும், வீட்டில் நாம் ஒலவக்கோடு என்றே சொல்லுகிறோம்.

விடியற்காலை நடைமேடையில் "சாயா, காப்பி" என்னும் குரல் கேட்கும். அது வண்டி நிற்கும் சில நிமிடங்களுக்கான காப்பி. சூடு இருக்கும், மணத்தை எதிர்பார்க்க வேண்டா. நேரம் உள்ளவர் உணவகத்தினுள் சென்று அமர்ந்து பருகுவதே நலம்.

'அமர்ந்து பருகுவது' என்று இன்று எளிதாக எழுதிவிட்டோம். எம் பாட்டனாரின் இளமைக் காலத்தில் தென்னிந்தியப் புகைவண்டி நிலையங்களில் பிராமணருக்குத் தனி உணவறை, ஏனையோருக்குத் தனி உணவறை என இரண்டு இருந்தன. பெரியார் முதலியோரின் கிளர்ச்சிக்குப் பின் 1941இல்தான் இப்பாகுபாடு நீக்கப்பட்டது. பயணச்சீட்டின் விலை எல்லோருக்கும் ஒன்றே. காப்பி குடிக்கும் வாயில் மட்டும் இரண்டு! ஊருக்குள்ளோ, நடக்கும் வீதிக்கே வழக்கிருந்தது. 1924ஆம் ஆண்டுத் தேர்த்திருவிழாவின்போது கல்பாத்தி அக்கிரகார வீதிகளில் ஈழவர் நடந்தமை பெருங்கலகமாயிற்று. இன்று நவம்பர்தோறும் அதே தேரைக் காண எல்லோரும் அதே வீதியில் நெருக்கியடித்துக்கொண்டு செல்கிறோம். கல்பாத்தித் தேருக்குச் செல்லும் அன்பர்கள் இதனையும் ஒரு கணம் நினைத்துப் பார்த்தல் தகும்.

தலைப்பாகைக்காரர் கடை

பாலக்காட்டு நகரினுள் ஓய்வாக உட்கார விரும்புவோருக்கு யாம் முதலிற் சொல்லுவது இந்தியன் காப்பி ஹவுஸ். காப்பி வாரியம் நடத்திவந்த காப்பி நிலையங்கள் 1950களில் மூடப்பட்டுத் தொழிலாளர் வேலையிழந்தபோது, ஏ. கே. கோபாலன் அவர்களை ஒன்றுதிரட்டிக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கத் தூண்டினார். கேரளத்தில் முதற் கடை 1958இல் திருச்சூரில் திறக்கப்பட்டது. வெள்ளை உடையும் விசிறி மடிப்புத் தலைப்பாகையும் அணிந்து வருபவரைக் கண்டு, அரண்மனைச் சேவகரென்று எம் மகள் ஒருமுறை வியந்தாள். தாமே உறுப்பினராயுள்ள சங்கத்தின் கடையில் பணிபுரிகின்ற தொழிலாளர் அவர்.

டவராவும் தம்ளருமாக நுரை ததும்பும் காப்பியை நாடிச் செல்வோர் இங்கே சற்று ஏமாறக்கூடும். காப்பி பீங்கான் கோப்பையில் வரும். மசால் தோசையைப் பிரித்தால் உள்ளே பீட்ரூட் கிழங்கின் செந்நிறம் தெரியும். முதன்முறை கண்டு எம் தாயார் தட்டைத் தள்ளி வைத்தார். இப்பொழுது அவரே கேட்டு வாங்குகிறார். யாரும் வரலாம், எங்கும் அமரலாம். வியன்னாவின் குணத்தில் ஒரு பாதி நம் ஊரிலும் உண்டென்பதற்கு இக்கடையே சான்று.

இராமசேரி இட்டலி

ஒரு காலைப் பொழுது கூடுதலாக இருப்பின், எலப்புள்ளிக்கு அருகேயுள்ள இராமசேரிக்குச் சென்று வருக. முன்னொரு காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இட்டலி செய்து வாழ்கின்றன. மண்பானையில் நீர் கொதிக்க, அதன் வாயில் நூலாற் பின்னிய வலையை வைத்து, அதன்மேல் துணி விரித்து, மாவை ஊற்றி, மூடி வேகவைப்பர். அடுப்பு விறகடுப்பே. இட்டலி நாம் வீட்டில் வார்ப்பதுபோல் உப்பியிராது. தட்டையாய், தோசைக்கும் இட்டலிக்கும் இடைப்பட்ட வடிவில், பஞ்சு போல் இருக்கும். பொடியும் தேங்காய்ச் சட்டினியும் தொட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்விட்டலி மறுநாள் வரை கெடாது. வழிப்பயணத்திற்குக் கட்டி எடுத்துச் செல்ல இதனினும் சிறந்தது ஒன்றில்லை. பிழைப்புக்காக ஊர் பெயர்ந்து வந்தோர் தம் அடுப்பையும் கைப்பக்குவத்தையும் கைவிடாததனால், வந்த ஊரின் பெயரே அப்பண்டத்தின் பெயராகிவிட்டது. குடிபெயர்ந்த குடும்பத்தாராகிய நமக்கு இதனினும் இனிய செய்தி வேறென்ன வேண்டும்?

மண்ணார்க்காட்டுச் சாலையில்

பாலக்காட்டிலிருந்து முண்டூர், கல்லடிக்கோடு, தச்சம்பாறை வழியாகப் பேருந்து மண்ணார்க்காட்டை அடைகிறது. இச்சாலை நெடுகச் சாயாக் கடைகளே. புதிதாக வந்த அன்பர்களுக்குச் சில சொற்கள் உதவும். பாலில்லாத தேநீர் 'கட்டன் சாயா'. சர்க்கரை வேண்டாதார் 'வித்தவுட்' என்றாற் போதும். அது மலையாளச் சொல்லாகவே ஆகிவிட்டது. 'வெள்ளம்' வேண்டுமா என்று கேட்டால் அஞ்ச வேண்டா. குடிதண்ணீரைத்தான் அவ்வாறு சொல்லுவர். அது இளஞ்சிவப்பாக இருந்தாலும் ஐயுற வேண்டா. பதிமுகம் என்னும் மரத்தின் சீவலையிட்டுக் காய்ச்சிய நீர் அது. வியன்னாவில் காப்பியுடன் தண்ணீர் வைப்பதைக் கையேடு பெருமையாக எழுதியிருக்கிறது. இங்கே கேளாமலே வெந்நீர் வைக்கும் கடைகளைப் பற்றி யார் எழுதினார்?

மாலை மூன்று மணிக்குமேல் கண்ணாடிப் பெட்டியைப் பாருங்கள்: பழம்பொரி, பரிப்புவடை, சுகியன். பழம்பொரிக்கு நேந்திரம்பழம் நன்கு கனிந்திருக்க வேண்டும். தோலில் கரும்புள்ளி விழுந்த பழக்குலை கடையில் தொங்கினால் துணிந்து வாங்கலாம். சாயாவை ஓரடி உயரத்திலிருந்து மாற்றி மாற்றி ஊற்றுவது சூடு தணியவும் நுரை கூடவுமே. நம் வீட்டில் காப்பியை ஆற்றுவதும் அதே நுணுக்கந்தான்.

மண்ணார்க்காட்டிற்கு அப்பால் மலைப்பாதை. கொண்டையூசி வளைவுகளில் பிள்ளைகளுக்கு வயிறு குமட்டும். ஆதலின் ஏறுமுன் வயிறு நிறைய உண்பது தவறு. சுக்குக் காப்பி கிடைப்பின் அதுவே மருந்து. வளைவுகள் முடிந்து முக்காலியை அடைந்தால் குளிர்காற்று முகத்தில் வீசும். அமைதிப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவிற்குச் செல்வோர் இறங்குமிடம் அதுவே.

அகளியில்

முக்காலியிலிருந்து தாவளம் கடந்து அகளி. மேற்கே அடர்ந்த மழைக்காடு. கிழக்கே செல்லச் செல்ல மழை குறைந்து நிலம் வறளும். கேரளத்தின் பெரும்பாலான ஆறுகள் மேற்கு நோக்கி ஓட, இங்கே பவானி கிழக்கு நோக்கித் தமிழகத்திற்குள் செல்கிறாள். கடைகளின் இயல்பும் அவ்வாறே மாறும். புட்டும் கடலையும் ஒருபுறம். இட்டலியும் சாம்பாரும் மறுபுறம். ஒரே கடையில் மலையாளமும் தமிழும் இருளர் மொழியும் ஒலிக்கும். ஆனைகட்டியைத் தாண்டினால் கோயம்புத்தூர்ச் சாலை. பித்தளைப் பாய்லரும் பில்டர் காப்பியும் நம்மை வரவேற்கும்.

இனி, யாம் முன்னர் சொன்ன அந்த விஷயம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாளில், எம் மாமியாருடன் அப்பக்கத்துக் கடையொன்றில் காப்பி அருந்திக்கொண்டிருந்தோம். கடையின் பெயர் வேண்டா. குற்றம் கடையினுடையதும் அன்று. நால்வர் அமரக்கூடிய பலகையில் யாம் இருவர். எம் பக்கத்தில், நனையாதிருக்கட்டுமென்று, எம் பையை வைத்திருந்தோம். ஊரிலிருந்து இறங்கி வந்த இருளர் முதியவர் ஒருவர் தேநீரை வாங்கிக்கொண்டு தாழ்வாரத்தின் ஓரத்தில் சாரலில் நின்றவாறே பருகினார். உள்ளே வாரும் என்று யாரும் அவரை அழைக்கவில்லை. வாராதீர் என்று தடுக்கவும் இல்லை. யாம் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

எம் மாமியார் எம்மைப் பார்த்து, "மாப்பிள்ளை, பை கீழ இருக்கட்டுமுங்க. பெரியவரு நனையறாரு" என்றார். பிறகு அம்முதியவரை நோக்கி, "வாங்க, இப்படி உக்காருங்க" என்று நகர்ந்து இடம் விட்டார். அவர் தயங்கினார். கடைக்காரரின் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு வந்து பலகையின் நுனியில் அமர்ந்தார். அவ்வளவே நடந்தது.

ஆனால் எமக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. 1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு, கடை, உணவு விடுதி ஆகியவற்றிற்குள் செல்லச் சாதி முதலியவற்றின் பெயரால் எவருக்கும் தடையில்லை என்கிறது. 1955இல் தீண்டாமையைத் தண்டிக்கும் சட்டம் வந்தது. இவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர் யாம். இரண்டு உணவறைகளைப் பற்றிப் பாட்டனார் சொல்லும்போதெல்லாம் வெகுண்டவரும் யாமே. அந்த அறைகளுக்கு இடையே ஒரு சுவர் இருந்தது. எம் பலகையிலோ ஒரு பை போதுமானதாக இருந்தது.

மேலும் ஒன்று. அட்டப்பாடிக் கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் 1975இல் பழங்குடிக் குடும்பங்களுக்காகவே அமைக்கப்பட்டது. அதன் தோட்டங்களில் அவர்கள் வளர்த்தவற்றுள் காப்பியும் ஒன்று. காப்பிச் செடியை நட்டு, களையெடுத்து, பழம் பறித்த கைகளுக்குக் காப்பிக் கடையில் ஓர் இருக்கை நாம் தரும் சலுகையாகுமா?

காலம் மாறியும் வருகிறது. 2023இல் திருவனந்தபுரத்தில் நடந்த 'கேரளீயம்' விழாவில் அட்டப்பாடிப் பழங்குடிப் பெண்கள் குடும்பஸ்ரீயின் வழியே உணவுக்கடை இட்டார்கள். பச்சிலைகளும் மிளகாயும் சேர்த்து அவர்கள் சமைத்த 'வனசுந்தரி' என்னும் கோழிக்கறிக்காகத் தலைநகரத்து மக்கள் வரிசையில் காத்து நின்றனர். அகளி செல்வோர் திரும்பும்போது 2022இல் புவிசார் குறியீடு பெற்ற அட்டப்பாடித் துவரையும் ஆட்டுக்கொம்பு அவரையும் கிடைத்தால் வாங்கி வருக.

முடிவாக

நல்ல கடையை அறிவது எவ்வாறு என்று அன்பர்கள் கேட்பர். பாலைக் காய்ச்சும் பாத்திரம் தூய்மையாக இருக்கிறதா, குவளைகளை வெந்நீரில் அலசுகிறார்களா, வண்டியோட்டிகள் வழக்கமாக நிறுத்துகிறார்களா என்று பாருங்கள். இவை மூன்றும் பழைய குறிப்புகள். நான்காவதாக யாம் ஒன்று சேர்க்கிறோம்: வெளியே நின்று குடிப்பவர் எவரேனும் உளரா, அவர் விரும்பித்தான் நிற்கிறாரா என்று பாருங்கள்.

நாமும் ஒருநாள் இவ்வூருக்குப் புதியவராய், மொழி தெரியாமல், எங்கே உட்காருவதென்று தயங்கி நின்றவர்களே. யாரோ ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார், அமர்ந்தோம்.

வரும் சனிக்கிழமை மீண்டும் அகளிக்குச் செல்கிறோம். இராமசேரி இட்டலி பத்து, மாமியாருக்குப் பிடித்த பொடியுடன், பையில் இருக்கும். பை காலடியில் இருக்கும்.