சென்சார் சொல்றதை எப்போ நம்பணும்? ஒரு குட்டி காரும் 750 மாணவிகளின் சாட்டிலைட்டும்

எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.



ஏப்ரல் வந்தா போதும். அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் பக்கம் ரெண்டு தெரு நடந்தா ஒரு பேனராவது கண்ணுல படும்: “சம்மர் கேம்ப், கோடிங், ரோபோடிக்ஸ்”. போன தலைமுறைக்கு டைப்ரைட்டிங், இந்தி பரீட்சை, பாட்டு கிளாஸ் இருந்த இடத்துல இப்போ இது வந்திருக்கு. இதைக் கேக்கறவங்கள்ல பல பேருக்கு இதோட ஏதோ ஒரு சம்பந்தம் இருக்கும். அக்கா பையனைச் சேர்க்கலாமான்னு வீட்டுல உங்களைக் கேப்பாங்க, ஏன்னா நீங்கதானே வீட்டு இன்ஜினியர். இல்லன்னா சனிக்கிழமை ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்கு நீங்களே வாலண்டியரா போய்ச் சொல்லிக் கொடுப்பீங்க.

ரெண்டு தரப்புக்கும் ஒரே கேள்விதான். இதுல பசங்க நிஜமா என்ன கத்துக்கறாங்க?

கடைசி நாள் போய்ப் பார்த்தா எல்லா கேம்ப்பும் ஒரே மாதிரிதான் இருக்கும். கார் ஓடும், எல்இடி எரியும், எல்லார் கையிலயும் சர்டிபிகேட். வித்தியாசம் நடுவுல, எதுவும் வேலை செய்யாத அந்த நேரத்துல இருக்கு. அது எப்படின்னு புரிய அந்தக் குட்டி காரையே எடுத்துக்குவோம்.

எதிர்ல ஒண்ணுமில்ல, ஆனா கார் நிக்குது

தடையைப் பார்த்தா நிக்கற கார். கிட்டத்தட்ட எல்லா ரோபோடிக்ஸ் கிளாஸ்லயும் இது உண்டு. ஒரு ஆர்டுவினோ போர்டு, ரெண்டு மோட்டார், பேட்டரி, முன்னாடி ரெண்டு கண்ணு மாதிரி ஒரு அல்ட்ராசோனிக் சென்சார். ஒரு கண்ணு நம்ம காதுக்குக் கேக்காத சத்தத்தை அனுப்பும், இன்னொண்ணு எதிரொலியைப் பிடிக்கும். காத்துல சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். சுவர் ஒரு மீட்டர் தள்ளி இருந்தா, போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர், ஆக எதிரொலி வர சுமார் 6 மில்லி செகண்ட். நேரத்தை அளந்தா தூரம் கிடைச்சிடும். புரோகிராம்ல முக்கியமான வரி ஒண்ணுதான்: தூரம் 20 சென்டிமீட்டருக்குக் கீழே போனா மோட்டாரை நிறுத்து.

வகுப்பறைச் சுவர் முன்னாடி கார் அழகா நிக்கும். இப்போ அதையே ஒரு பெரிய ஹால்ல நீளவாட்டுல விடுங்க. எதிர்ல ஒண்ணுமே இருக்காது, ஆனா கார் திடீர்னு நின்னுடும்.

ஏன்? சுவர் ரொம்பத் தள்ளி இருந்தாலோ, ஜன்னல் திரை சத்தத்தை உறிஞ்சிட்டாலோ, சாய்வா இருக்கற பலகை சத்தத்தை வேற பக்கம் திருப்பிட்டாலோ, எதிரொலி திரும்பி வராது. புரோகிராம் நாம சொன்ன நேரம் வரைக்கும் காத்திருக்கும். அதுக்குள்ள எதுவும் வரலன்னா, ஆர்டுவினோவுல இதுக்கு வழக்கமா எழுதற கட்டளை பூஜ்ஜியம்னு பதில் தரும். அந்தப் பூஜ்ஜியத்துக்கு அர்த்தம் “எதுவும் கேக்கல”. ஆனா அடுத்த வரி அதை “தூரம் பூஜ்ஜியம் சென்டிமீட்டர்”னு படிக்குது. பூஜ்ஜியம் இருபதை விடச் சின்னது. பிரேக் விழுந்துடுது.

இந்த இடத்துல சொல்லித் தர்றவர் ரெண்டு விதமா நடந்துக்கலாம். “குடு கண்ணா”ன்னு லேப்டாப்பை வாங்கி, ஒரு வரி சேர்த்து, அரை நிமிஷத்துல திருப்பிக் குடுக்கலாம். கார் ஓடும், அப்பா அம்மா வீடியோ எடுப்பாங்க. இல்லன்னா, “சென்சார் என்ன நம்பர் சொல்லுதுன்னு ஸ்கிரீன்ல போட்டுப் பாரு”ன்னு சொல்லிட்டு நகர்ந்துடலாம். அந்தப் பொண்ணு நம்பர்களைப் பார்ப்பா: 143, 144, 143, 0, 142. அந்த ஒரு பூஜ்ஜியம் கண்ணுல பட அரை மணி நேரம் ஆகலாம். பட்டதும் அவளுக்கு வர்ற கேள்வி நல்ல கனமான கேள்வி. சென்சார் கெட்டுப்போச்சா, இல்ல அது சொல்றதை நாமதான் தப்பாப் புரிஞ்சுக்கறோமா? எந்த நம்பரை நம்பணும், எதை விடணும்?

இது ஏதோ பொம்மை கார் பிரச்சினைன்னு நினைச்சுடாதீங்க. இதே கேள்வியில ஒரு நிஜ ராக்கெட் சறுக்கியிருக்கு. அதுல இருந்தது பள்ளி மாணவிகளோட வேலை.

75 பள்ளிகள், 750 மாணவிகள், 8 கிலோ

நம்ம சென்னையில இருந்து இயங்கற அமைப்பு ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா, ஸ்ரீமதி கேசன் தொடங்கினது. 2019 ஜனவரி 24 அன்னைக்கு பிஎஸ்எல்வி-சி44 ராக்கெட்ல போன கலாம்சாட்-வி2 இவங்க மாணவர் குழு செஞ்சது. எடை 1.26 கிலோ. வேலை முடிஞ்ச ராக்கெட்டோட நாலாவது கட்டத்தையே வீணாக்காம ஒரு மேடையா வச்சுக்கிட்டு அது இயங்குச்சு.

அடுத்து அவங்க எடுத்தது ஆசாதிசாட். சுதந்திரத்தோட 75-ஆம் ஆண்டுக்காக நாடு முழுக்க 75 பள்ளிகள், மொத்தம் 750 மாணவிகள். பெரும்பாலும் கிராமப்புறப் பிள்ளைகள். நம்ம ஊர்ல மதுரை பக்கம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியும் இதுல உண்டு. சாட்டிலைட்டோட எடை சுமார் 8 கிலோ. அதுக்குள்ள 75 குட்டி பேலோடு, ஒவ்வொண்ணும் சுமார் 50 கிராம்.

“750 மாணவிகள் சாட்டிலைட் செஞ்சாங்க”ன்னு கேட்டா, அதுல அவங்க பங்கு எவ்வளவுன்னு கேள்வி வரும். நியாயமான கேள்வி. இஸ்ரோ தந்த குறிப்பு அதைத் தெளிவாச் சொல்லுது: பேலோடுகளைச் செய்ய மாணவிகளுக்கு வழிகாட்டினாங்க, எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்தது ஸ்பேஸ் கிட்ஸ் மாணவர் குழு. அதாவது முழு சாட்டிலைட்டையும் ஒரு பத்தாம் வகுப்புப் பொண்ணு வடிவமைக்கல. அவளுக்கும் அவ தோழிகளுக்கும் கிடைச்சது 50 கிராம் வேலை. ஆனா அந்த 50 கிராம் அவங்க பொறுப்பு. ரெண்டு நாள் கேம்ப்ல பல நேரம் கிடைக்காததும் இந்தப் பொறுப்புதான்.

ராக்கெட்டுக்குள்ள என்ன ஆச்சு?

2022 ஆகஸ்ட் 7, காலை 9:18. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் புதிய சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்வியின் முதல் பயணம். மாணவிகள் பலர் நேர்ல வந்து பார்த்தாங்க. ராக்கெட் நல்லாத்தான் கிளம்புச்சு, கட்டங்களும் ஒழுங்காத்தான் எரிஞ்சுச்சு. ஆனா சாட்டிலைட்டுகள் சரியான பாதைக்குப் போய்ச் சேரல.

என்ன நடந்துச்சுன்னு இஸ்ரோ பிறகு விளக்குச்சு. ராக்கெட்டோட வேகம் எப்படி மாறுதுன்னு அளக்க உள்ளே ஆக்சிலரோமீட்டர் சென்சார்கள் இருக்கு. ரெண்டாவது கட்டம் கழண்டப்போ, கருவிகள் இருந்த தளம் ஒரு கண நேரம் பலமா அதிர்ந்துச்சு. சென்சார் அளக்கக்கூடிய எல்லையை அந்த அதிர்வு தாண்டிடுச்சு. மளிகைக்கடைத் தராசுல ஒருத்தர் ஏறி நின்னா முள்ளு கடைசிக்குப் போய் ஒட்டிக்கும்ல? இறங்கினதும் தராசு மறுபடி சரியாயிடும். இங்கயும் அப்படி விட்டிருந்தா சரியாயிருக்கும். ஆனா பழுது கண்டுபிடிக்கற சாஃப்ட்வேர் அந்தச் சில கணத்தை வச்சே சென்சார்கள் பழுதுன்னு முடிவு பண்ணிடுச்சு. ராக்கெட் அவசர முறைக்கு மாறிச்சு. சென்சார் பேச்சைக் கேக்காம, முன்கூட்டியே எழுதி வச்ச திட்டத்தை மட்டும் வச்சு ஓடுச்சு. கடைசியில வேகம் கொஞ்சம் குறைஞ்சது. 356 கிலோமீட்டர் உயர வட்டப்பாதைக்குப் பதிலா, ஒரு பக்கம் 356, மறுபக்கம் 76 கிலோமீட்டர்னு ஒரு நீள்வட்டம். 76 கிலோமீட்டர்ல காத்து இன்னும் இருக்கு. அந்த உராய்வுல சாட்டிலைட் தாக்குப்பிடிக்காது.

இப்போ ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. நம்ம கார், நம்பக்கூடாத பூஜ்ஜியத்தை நம்பி நின்னுச்சு. ராக்கெட், நல்லா இருந்த சென்சாரை அவசரப்பட்டு ஒதுக்கிடுச்சு. தப்பு நேரெதிர் தப்பு, கேள்வி அதேதான்.

திருத்தினதும் பட்டறையில திருத்தற மாதிரியேதான். கட்டத்தைக் கழட்டற அமைப்பை, அதிர்வு குறைவா வர்ற மாதிரி மாத்தினாங்க. கருவிகள் இருக்கற தளத்தோட கட்டமைப்பையும் மாத்தினாங்க. பழுதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி சாஃப்ட்வேர் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கட்டும்னு தர்க்கத்தைத் திருத்தினாங்க. ஆறு மாசம் கழிச்சு, 2023 பிப்ரவரி 10, எஸ்எஸ்எல்வி-டி2 போச்சு. மாணவிகளோட ஆசாதிசாட்-2 அதுல 450 கிலோமீட்டர் உயர வட்டப்பாதையில போய் உக்காந்துச்சு.

கட்-ஆஃப் ஊர்ல பிழை திருத்தறது

தப்பைத் திருத்தறதே பாடம்னு சொன்னவர் சீமோர் பேப்பர்ட். கணித அறிஞர். 1967-ல குழந்தைகளுக்காக லோகோன்னு ஒரு புரோகிராமிங் மொழி உருவாக்கின குழுவுல ஒருத்தர். 1980-ல ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’னு புத்தகம் எழுதினார், லெகோ ரோபோ பெட்டிக்குப் பேர் வந்தது அதிலிருந்துதான். அவர் வாதம் சுருக்கமா இதுதான்: பள்ளிக்கூடத்துல விடை சரி, இல்லன்னா தப்பு. புரோகிராம் எழுதும்போது யாருக்கும் முதல் தடவையே சரியா வராது. அதனால குழந்தை “நான் தப்பு பண்ணிட்டேன்”கறதை விட்டுட்டு “இதை எப்படிச் சரி பண்றது”ன்னு யோசிக்க ஆரம்பிக்கும்.

இது நம்ம ஊருக்குக் கொஞ்சம் அதிகமாவே தேவை. அரை மார்க்ல கட்-ஆஃப் போற ஊர்ல, தப்பு பண்ணா அது சிவப்பு மையோட முடிஞ்சு போகுது. ஒரு விடை ஏன் தப்பாச்சுன்னு நிதானமா உக்காந்து பார்க்க யாருக்கு நேரம் இருக்கு? அந்த நேரத்தைக் குடுக்க ஒரு வொர்க்‌ஷாப்பால முடியும். கேம்ப்பும் சிலபஸை முடிக்க ஓடுச்சுன்னா, அது இன்னொரு டியூஷன்தான்.

விலை அதிகமான பெட்டி, விலை குறைஞ்ச சென்சார்

பணம் இருக்கற இடத்துல மட்டும் இது நடக்கணும்னு இல்ல. நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்கத் திட்டம் 2016-லிருந்து பள்ளிகளில் டிங்கரிங் லேப் அமைக்க 20 லட்சம் ரூபாய் வரைக்கும் தருது. நாடு முழுக்க 10,000 பள்ளிகளுக்கு மேல வந்திருக்கு. அடுத்த 5 வருஷத்துல அரசுப் பள்ளிகளுக்கு இன்னும் 50,000 லேப்னு 2025 மத்திய பட்ஜெட் அறிவிச்சது. தமிழ்நாடு அரசு 2022 நவம்பர் 28-ல திருச்சியில தொடங்கின வானவில் மன்றம், அரசுப் பள்ளிகள்ல 6 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சின்னச் சின்னப் பரிசோதனைகளை வகுப்பறைக்கே கொண்டு போகுது.

ஆனா பெட்டி வந்தா மட்டும் போதாது. உடைஞ்சா யார் பதில் சொல்றதுன்னு பயம் இருக்கற இடத்துல பெட்டி பூட்டித்தான் இருக்கும். அதனாலதான் விலை குறைஞ்ச பாகங்களுக்கு மதிப்பு. அண்ணா சாலையை ஒட்டி ரிச்சி தெருவுக்குப் போனா, நாம பேசின அல்ட்ராசோனிக் சென்சார் சுமார் நூறு ரூபாய்க்கே கிடைக்கும். ஒரு பொண்ணு வயரை மாத்திக் குடுத்து அது புகைஞ்சாலும், நஷ்டம் ஒரு நெய் ரோஸ்ட். அந்தத் தைரியத்துலதான் அவ அடுத்த தடவை பிளஸ், மைனஸை ரெண்டு முறை பார்ப்பா.

சேர்க்கறதுக்கு முன்னாடி கேளுங்க

பிள்ளையைச் சேர்க்கப் போறீங்கன்னா மூணு கேள்வி.

முதல்ல, ஒரு போர்டுக்கு எத்தனை பேர்? ரெண்டு பேர்னா நல்லது. அஞ்சு பேர்னா ஒருத்தர் செய்வாங்க, நாலு பேர் வேடிக்கை பார்ப்பாங்க. கீபோர்டு கடைசி வரைக்கும் ஒரே கையில இருக்கா, முறை வச்சு மாறுதான்னும் கேளுங்க.

ரெண்டாவது, வேலை செய்யலன்னா என்ன பண்ணுவீங்க? “எங்க கிட்ல அந்தப் பிரச்சினையே வராது”ன்னு பதில் வந்தா கொஞ்சம் யோசிங்க. “அதுக்குத்தான் மதியம் முழுக்க வச்சிருக்கோம்”னு சொன்னா சேர்த்துடலாம்.

மூணாவது, முடிஞ்சதும் வீட்டுக்கு என்ன வரும்? போர்டு வரலன்னாலும், பிள்ளை எழுதின புரோகிராமும் அது எங்கெங்க சறுக்குச்சுன்னு அவங்களே எழுதின நோட்டும் வரணும்.

சொல்லிக் கொடுக்கப் போறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு: கையைப் பின்னாடி கட்டிக்கோங்க. நிஜமாவே. ஏன் ஓடலைன்னு உங்களுக்கு அஞ்சு நொடியில தெரிஞ்சுடும், கை தன்னால கீபோர்டுக்குப் போகும். அதுக்குப் பதிலா கேளுங்க: என்ன நடக்கும்னு நினைச்ச? என்ன நடந்துச்சு? ரெண்டும் எந்த இடத்துல பிரிஞ்சுச்சு? ஒரு நேரத்துல ஒரு மாத்தம் மட்டும் பண்ணச் சொல்லுங்க.

கேம்ப் முடிஞ்சு பிள்ளை வீட்டுக்கு வந்ததும் “என்ன செஞ்ச?”ன்னு கேட்டா “கார்”னு ஒரே வார்த்தையில முடிஞ்சுடும். “எது வேலை செய்யல?”ன்னு கேட்டுப் பாருங்க. பதில் ரெண்டு நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா, கட்டின ஃபீஸ் வீண் போகல.