நடை சொல்லுமா குணத்தை?

கை வீசி நடந்தால் திமிர், தலை குனிந்து நடந்தால் அடக்கம் என்று நொடியில் தீர்ப்பு எழுதுகிறோம். அந்தத் தீர்ப்பில் உண்மை எவ்வளவு?

பெண் பார்க்கப் போகிறவர்களுக்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. எதிராளி வாசலில் நுழைந்து நாற்காலியில் உட்காருவதற்குள் அவரை எடை போட்டுவிடுகிறார்கள். கை வீசி நடந்து வரும் இளைஞன் 'ஸ்மார்ட்'. அதே வீச்சில் வரும் பெண் 'கொஞ்சம் ஓவர்'. தோளைக் குறுக்கி நாற்காலி நுனியில் உட்காரும் பெண் அடக்கமானவள். அப்படியே உட்காரும் ஆண் தன்னம்பிக்கை இல்லாதவன். அசைவு ஒன்றுதான். தீர்ப்பு மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

உடல் அசைவு ஒருவரைப் பற்றி என்ன சொல்கிறது, என்ன சொல்வதில்லை என்பதை உளவியலாளர்கள் அரை நூற்றாண்டாக ஆராய்ந்து வருகிறார்கள். முடிவுகள் நம் வழக்கமான நம்பிக்கைகளுக்கு அவ்வளவாகச் சாதகமாக இல்லை.

இருட்டில் சில புள்ளிகள்

1973இல் ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் யொஹான்ஸன் எளிமையான ஒரு சோதனை செய்தார். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் போன்ற மூட்டுகளில் ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி, ஒருவரை இருட்டில் நடக்கவிட்டுப் படம் பிடித்தார். அசையாமல் நின்றால் அவை வெறும் புள்ளிகள். நடக்க ஆரம்பித்ததும் பார்த்தவர்களுக்கு அது மனிதன் என்று உடனே புரிந்துவிட்டது.

நான்கு வருடம் கழித்து அமெரிக்காவில் லின் கொஸ்லாவ்ஸ்கியும் ஜேம்ஸ் கட்டிங்கும் இதே உத்தியைக் கையாண்டார்கள். புள்ளிகளை மட்டும் பார்த்து, நடப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டும். நூற்றுக்குச் சுமார் 63 விடைகள் சரியாக இருந்தன. குருட்டாம்போக்கில் சொன்னாலே 50 தேறும் என்பதை மறந்துவிடக் கூடாது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் எலும்பமைப்பு. தோளுக்கும் இடுப்புக்கும் உள்ள அகல விகிதம் மாறும்போது உடல் திரும்பும் விதமும் மாறுகிறது.

சரி, குணம்? இங்கிலாந்தில் ஜான் தொரேசனும் சகாக்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. புள்ளி உருவங்களின் நடையைப் பார்த்து, இவர் துணிச்சல்காரரா, கலகலப்பானவரா, நம்பத்தகுந்தவரா என்று மதிப்பிடச் சொன்னார்கள். பார்த்தவர்களிடம் வியக்கத்தக்க ஒற்றுமை. தளர்வாக, தாராளமாக நடப்பவர் துணிச்சல்காரர் என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் நடந்தவர்கள் தங்கள் குணம் பற்றிக் கேள்வித்தாளில் சொன்ன பதில்களோடு ஒப்பிட்டபோது பொருந்தவில்லை. பலரும் ஒரே மாதிரி நினைத்தார்கள். ஒரே மாதிரி தப்பாக நினைத்தார்கள்.

ஆபத்து இங்கேதான். நாலு பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் பழகியவர்கள் நாம்.

பழக்கிய நடை

நடை இயற்கையாக வருவது என்று நினைத்தால், நம் நாடக மரபு அதை மறுக்கிறது. யார் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு நாட்டிய சாஸ்திரத்தில் தனி அத்தியாயமே உண்டு. உயர்ந்த பாத்திரத்துக்கு ஒரு நடை, தாழ்ந்த பாத்திரத்துக்கு ஒரு நடை, பெண்களுக்கு வேறு நடை. விதி வகுத்தால் பயிற்சியில் வந்துவிடும் என்பதுதான் அதன் அடிப்படை.

அப்படி வந்தும் இருக்கிறது. மராத்தி மேடையில் பெண் வேடத்தில் புகழ்பெற்ற பால கந்தர்வர் (1888-1967) சேலை கட்டிய விதத்தையும் நகை அணிந்த விதத்தையும் குடும்பப் பெண்கள் பின்பற்றினார்கள். குச்சிப்புடியில் சத்யபாமாவாக ஆடிய வேதாந்தம் சத்யநாராயண சர்மாவும் ஆண்தான். பெண்மை என்று நாம் ரசித்த அந்த ஒயில், பல வருட சாதகத்தில் வந்தது.

எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. 2015 குடியரசு தின அணிவகுப்பில் முப்படைகளின் முழு மகளிர் அணிகள் முதல்முறையாக நடந்தன. 2025 மே மாதம் தேசியப் பாதுகாப்பு அகாடமியிலிருந்து முதல்முறையாகப் பெண்கள் தேர்ச்சி பெற்று வெளியேறினார்கள். மொத்தம் 17 பேர். நிமிர்ந்த முதுகும் வீசும் கையும் ஆணின் பிறப்புரிமை இல்லை என்பதை அணிவகுப்பு மைதானம் காட்டிவிட்டது.

பிறகு ஏன் நம் பெண்கள் பலர் பேருந்திலும் ஒடுங்கியே உட்காருகிறார்கள்? அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங் 1980இல் எழுதிய கட்டுரை இதற்குப் பதில் தேடியது. பந்து எறியும்போது பெண்கள் முழு உடலையும் பயன்படுத்துவதில்லை, தங்களைச் சுற்றி வேலி இருப்பதுபோல் அசைகிறார்கள் என்று கவனித்த அவர், காரணத்தை வளர்ப்பில் கண்டார். நமக்கு இதைப் புரிந்துகொள்ளத் தத்துவம் தேவையில்லை. "காலை மடக்கி உட்கார்", "சத்தம் வராமல் நட", "ஓடாதே" என்று பெண் குழந்தைக்குச் சொல்லாத வீடு எத்தனை? முதலில் சொல்லிக் கொடுக்கிறோம். பிறகு அதையே அவளுடைய சுபாவம் என்கிறோம்.

93 சதவீதக் கதை

இதை வைத்து ஒரு வியாபாரமும் நடக்கிறது. நாம் சொல்வதில் 93 சதவீதம் குரலும் உடல் மொழியும்தான், வார்த்தைக்கு 7 சதவீதமே என்று ஆளுமை வளர்ச்சி வகுப்புகளில் அடித்துச் சொல்வார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு அது. விருப்பு வெறுப்பை வெளிப்படுத்தும் பேச்சுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று அவரே விளக்கியிருக்கிறார்.

கை கால்களை அகல விரித்து நின்றால் ஹார்மோன்களே மாறும் என்று 2010இல் வந்த ஆய்வும் இப்படித்தான். அதில் பங்கேற்றவர்கள் 42 பேர். 2015இல் 200 பேரை வைத்துச் செய்த சோதனையில் ஹார்மோன் மாற்றம் தென்படவில்லை. தெம்பாக உணர்ந்ததாகச் சிலர் சொன்னதோடு சரி. முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னி, அந்த விளைவில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று 2016இல் பகிரங்கமாக அறிவித்தார்.

கவனிக்க வேண்டியது

அப்படியானால் நடை எதையுமே சொல்வதில்லையா? சொல்கிறது. மனச்சோர்வில் இருப்பவர்கள் மெதுவாக நடக்கிறார்கள், கைவீச்சு குறைகிறது, உடல் முன்னால் சரிகிறது என்று ஜெர்மனியில் 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு பக்கக் கை மட்டும் வீசாமல் போவது பார்க்கின்சன் நோயின் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. அதாவது, நடையில் தெரிவது பெரும்பாலும் அன்றைய மனநிலை, உடல்நிலை, வளர்ந்த விதம். வீட்டில் ஒருவரின் நடை திடீரென்று தளர்ந்தால் "சோம்பேறி" என்று பட்டம் கொடுப்பதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டுவது நல்லது.

நேர்முகத் தேர்வு நடத்துகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒவ்வொரு பதிலுக்கும் தனித்தனி மதிப்பெண் என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டால், ஆளை ஓரளவு சரியாகக் கணிக்க முடியும் என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்த வேலை தெரியுமா தெரியாதா என்பதை அவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.