மழை வந்தால் மட்டை பிடிக்கும் மும்பை!

ஆனி பிறந்தால் மும்பைப் புறநகர்வாசிகளின் கண் வானத்தின் மேலேயே இருக்கும். சயான், குர்லா பகுதியில் தண்டவாளத்தை வெள்ளம் மூடினால் மின்சார ரெயில் நிற்கும். குமாஸ்தாவுக்கு ஒரு நாள் விடுப்பு போகும். தாராவித் தொழிலாளிக்கோ அன்றைய கூலியே போய்விடும்.

2005 ஜூலை 26-ந் தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. பெருமழையும் கடல் ஏற்றமும் சேர்ந்தால் கால்வாய் நீர் கடலில் இறங்க வழியில்லை. ஆகவே மழை நாளில் கடல் ஏற்ற நேரத்தைப் பார்த்துப் புறப்படுவது நல்லது.

ஆனாலும் மழைக்காலம் வெறும் தொல்லை அல்ல. 1948-ல் தொடங்கிய காங்கா லீக் கிரிக்கெட், மழைக்காலத்துக்கென்றே ஏற்பட்டது. ஆடுகளத்துக்குப் போர்வை கிடையாது. மைதானத்தில் புல் வளர்ந்து நிற்கும். தரையோடு அடித்த பந்து பாதி வழியில் படுத்துவிடும்! தூக்கி அடித்தால்தான் ஓட்டம். ஆசாத் மைதானத்து ஓரம் நின்று பார்க்கக் காசு வேண்டாம்.

இசைப் பிரியர்களுக்கு கிங்ஸ் சர்க்கிள் அருகே சண்முகானந்தா அரங்கம் இருக்கிறது. 1963-ல் எழுந்த அரங்கம், 1990-ல் தீ விபத்துக்கு ஆளாகி, 1998-ல் மீண்டும் திறக்கப்பட்டது.

ஞாயிறு பகலில் மைதானம். கச்சேரி இருந்தால் மாலையில் அரங்கம். கையில் குடை மட்டும் இருக்கட்டும்!