கிணறு தெளிவாய் விழுந்த படம்

கமராவைக் கையாள்வதற்கும் ஒரு கல்வி வேண்டுமோ என்று கேட்பவர் உளர். பொத்தானை அழுத்தினால் படம் விழுந்துவிடும், இதிலே படிப்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்தம் எண்ணம். அதிலும், தூரத்தைத் தானே அளந்து கொள்ளும் சிறிய கமராவென்றால் சொல்லவே வேண்டியதில்லை. நானும் நாற்பத்து நான்கு வயது வரையில் அவ்வெண்ணத்தினனாகவே இருந்தேன். 2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் நான் எடுத்த ஒரு படமே அதனைக் கலைத்தது.

அவ்வாண்டிலே பெரியம்மா ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தார். 1996இல் இம்மண்ணை விட்டுப் போனவர் இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக வந்தார். அவருக்கு வயது எழுபத்தொன்பது. என் தாயாருக்கு எழுபத்து நான்கு. இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றேனும் எங்களிடத்தில் இல்லை. முன்னர் இருந்தது. பாட்டனார் நடுவே கதிரையில் அமர்ந்திருக்க, இரு பெண்களும் பாவாடை சட்டையோடு இருமருங்கிலும் நிற்கும் படம் அது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்களெல்லாம் தென்மராட்சி நோக்கி நடந்தபோது நாங்கள் அரிசியையும் அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டோம். ஆல்பத்தை அலுமாரியிலே விட்டுவிட்டோம். மறு ஆண்டு திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை.

பெரியம்மா வரும்போது தம் மகன் தொண்ணூறுகளிலே வாங்கி, பின்னர் மேசை லாச்சியிற் போட்டு மறந்திருந்த பிலிம் கமரா ஒன்றையும், சுருள்கள் இரண்டையும் எனக்கெனக் கொண்டு வந்தார். உள்ளங்கையில் அடங்கும் கருவி. முன்மூடியை நகர்த்தினாற் கண் திறக்கும். “இதுக்கு ஒண்டும் தெரியத் தேவையில்லையாம், தம்பி” என்று சொல்லித் தந்தார். அச்சொல்லை நான் முற்றாக நம்பியதே பிழை.

இரு சகோதரிகளையும் விறாந்தையிற் பக்கம் பக்கமாக இருத்தினேன். இருவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி. அவர்களுக்குப் பின்னால் முற்றம். முற்றத்தின் கோடியிலே கிணறு. படத்தின் நடுவில் அவ்விடைவெளி வருமாறு ஒழுங்காகப் பிடித்து அழுத்தினேன். முப்பத்தாறு படங்களும் முடிந்ததும் சுருளைப் பெரியம்மா தம் கைப்பையிலே கொண்டு போனார். மூன்று வாரங்களின் பின் தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, கிணறு நல்ல வடிவா விழுந்திருக்கு. கப்பியிலை கிடக்கிற கயித்தின்ரை முறுக்குக்கூடத் தெரியுது. எங்கள் ரண்டு பேரையுந்தான் மட்டுக்கட்ட ஏலாமல் கிடக்கு.”

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அருகில் நின்ற என் தாயாரோ, “நான்தான் ஆடிப்போட்டன் போலை” என்று தம்மையே நொந்துகொண்டார். அவர் ஆடவில்லை என்பதை நான் அறிவேன். ஆனால், நடந்தது என்னவென்று அவருக்கு விளக்கிச் சொல்லும் அறிவு அன்று என்னிடம் இல்லை. அதைத் தேடிப் பெறவே பல மாதங்கள் சென்றன.

கமரா எவ்வாறு தூரத்தை அளக்கிறது? எங்கள் கல்லூரியிற் பௌதிகம் கற்பிக்கும் நண்பர் இதனை ஒரு பெருவிரலைக் கொண்டே விளக்கினார். கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்; பின்னர் மற்றைக் கண்ணாற் பாருங்கள். விரல் பின்னாலுள்ள சுவரிலே இடம் மாறித் தோன்றும். விரலை மூக்கின் அருகே கொண்டுவரக் கொண்டுவர அந்த இடமாற்றம் பெரிதாகும். இரு கண்களுக்கும் இடையேயுள்ள தூரம் தெரிந்தால், கோணத்தைக் கொண்டு விரலின் தூரத்தைக் கணித்துவிடலாம். க.பொ.த. சாதாரண தர மாணவர் படிக்கும் முக்கோணக் கணிதமே இது. சிறிய கமராவின் முகத்தில் வில்லைக்கு மேலே காணப்படும் இரு குட்டிச் சாளரங்களும் அவ்விரு கண்களே.

1977ஆம் ஆண்டு யப்பானியரின் கொனிக்கா நிறுவனம் வெளியிட்ட சீ 35 ஏ. எப். என்னும் கமராவே பொதுமக்கள் வாங்கத்தக்கதாகப் பெருந்தொகையிற் செய்யப்பட்ட முதலாவது தன்குவியக் கமரா. அதனுள்ளே இருந்த உறுப்பை அமைத்தது அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம். இரு சாளரங்களின் வழியாக வரும் இரு உருவங்களை அது ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் பொருந்தும் இடத்திலே வில்லையை நிறுத்தும். வெளிச்சம் குன்றிய இடத்திலும், கோடோ கறையோ இல்லாத வெள்ளைச் சுவரின் முன்னும் அது தடுமாறும். ஒப்பிடுவதற்கு அங்கே எதுவும் இல்லையல்லவா? 1979இல் கனொன் நிறுவனம் வேறு வழியைக் கைக்கொண்டது. அவர்களுடைய கமரா கண்ணுக்குத் தோன்றாத செந்நிறக்கீழ்க் கதிரைத் தானே ஒரு சாளரத்தால் வீசியது. எதிரேயுள்ள பொருளிற் பட்டுத் திரும்பும் கதிரை மற்றச் சாளரத்தால் ஏற்று, அது வந்த கோணத்தைக் கொண்டு தூரத்தை அறிந்தது. பின்னர் வந்த சிறிய கமராக்களிற் பெரும்பாலானவை இவ்வழியையே பின்பற்றின. என் கையிலுள்ளதும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

இப்பொழுது விறாந்தைக்குத் திரும்புவோம். கமரா கதிரை வீசுவது படத்தின் நடுப்புள்ளியை நோக்கி. அங்கே இருந்தது யாது? இரு சகோதரிகளுக்கும் இடையே நான் கவனமாக நடுவில் நிறுத்திய வெறும் இடைவெளி. கதிர் அதனூடாகச் சென்றது. அண்மையில் எதனையும் காணாமையால், பொருள் தொலைவில் உள்ளதென்று கமரா முடிவு செய்தது. கருவி தன் கடமையைப் பிழையின்றிச் செய்தது. தாயும் பெரியம்மாவுமே எனக்கு முக்கியம், கிணறு அன்று என்பதை அதற்குச் சொல்ல வேண்டியவன் நானே. சொல்லும் முறை எனக்குத் தெரியாதிருந்தது.

முறை மிக எளிது. பொத்தானில் இரண்டு படிகள் உண்டு. விரலை மெல்ல வைத்துப் பாதியளவு அழுத்தினால் கமரா தூரத்தை அளந்து, அந்த அளவைப் பற்றிக்கொள்ளும். பார்க்கும் துவாரத்தின் அருகே பச்சை ஒளிப்பொட்டு ஒன்று தோன்றும். விரலை எடுக்காமலே கமராவை நகர்த்தி விரும்பியவாறு படத்தை அமைத்து, பின்னர் முழுவதும் அழுத்த வேண்டும். ஆகவே, முதலிலே தாயாரின் முகத்தை நடுவிற் பிடித்துப் பாதி அழுத்தி, அதன்பின் இருவரும் ஒழுங்காக அமையுமாறு கமராவைத் திருப்பியிருந்தால், கிணறு மங்கி அவர்கள் தெளிந்திருப்பார்கள். இந்த அரை அழுத்தத்தை அறியாதவன் தன்குவியக் கமராவை அறியாதவனே.

மற்றொரு ஐயமும் எனக்கு இருந்தது. அதே சுருளில், நல்லூர் வீதியில் நண்பகலில் எடுத்த படங்களிலும் இத்தகைய பிழையைச் செய்திருந்தேன். ஆயினும் அவை தெளிவாகவே இருந்தன. காரணம் வெயில். கடும் வெயிலில் நாம் கண்ணை இடுக்கிப் பார்ப்பதுபோல் கமராவும் தன் துவாரத்தைச் சுருக்கிக்கொள்கிறது. துவாரம் சிறிதானால் அண்மையும் சேய்மையும் ஓரளவுக்கு ஒருங்கே தெளியும். விறாந்தை நிழலிலோ துவாரம் அகல விரியும். அப்போது தெளிவு ஒரு குறுகிய எல்லைக்குள் ஒடுங்கும். தூரத்திற் செய்த பிழை மன்னிக்கப்படுவதில்லை. வெயில் நம் பிழைகளை மறைத்துவிடுவதால், புதிதாய்ப் பழகுவோர் நிழலிலே பழகுவதே நன்று என்பது என் அபிப்பிராயம்.

கண்ணாடியும் இக்கருவியை ஏமாற்றும். பேருந்தின் யன்னற் கண்ணாடியினூடே ஆனையிறவு உப்பளத்தை எடுக்க முயன்றால், கதிர் கண்ணாடியிலே பட்டுத் திரும்பிவிடும். கமரா கண்ணாடியையே பொருளென்று கொள்ளும். இதற்கெனப் பல கமராக்களில் மலைச்சின்னம் பொறித்த பொத்தான் ஒன்று உண்டு. அதனை அழுத்தினால் அளப்பதை விட்டு வில்லையை நெடுந்தொலைவில் நிறுத்திவிடும். சில கரிய பொருள்களும் கதிரை விழுங்கிவிடுவன. மிக அருகிற் சென்று எடுப்பதும் கூடாது. இவற்றிற் பலவற்றுக்கு ஒரு மீற்றருக்குக் கிட்டிய தூரமே எல்லை. அன்றியும், நாம் பார்ப்பது வில்லையின் வழியாக அன்று, அதற்கு அயலிலுள்ள வேறொரு துவாரத்தின் வழியாக. அருகே செல்லச் செல்ல இரண்டுக்குமுள்ள வேறுபாடு பெருகி, நாம் கண்ட தலை படத்தில் வெட்டுண்டு போகும். எங்கள் வீட்டுப் பூனை அவ்வாறே காதிழந்தது.

பிளாஷ் விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருள் கண்டதும் அது தானாகவே மின்னும். கார்த்திகை விளக்கீட்டன்று முற்றத்தில் ஏற்றிய தீபங்களை எடுத்தேன்; பிளாஷ் அடித்தது; படத்தில் முற்றமும் வாளியும் பட்டப்பகல்போல் துலங்கின, சுடர்கள் மட்டும் செத்துக் கிடந்தன. விளக்கொளியை எடுப்பதாயின் பிளாஷை நிறுத்திவிட்டு, கமராவைத் தூணிலோ கதிரை முதுகிலோ அசையாமல் ஊன்ற வேண்டும். பிளாஷின் ஒளி எட்டும் தூரமும் குறைவு. தூரம் இரு மடங்கானால் ஒளி நாலில் ஒன்றாகும் என்பது பாடநூற் செய்தி. ஆகவே, 100 என்னும் வேகமுடைய பிலிமுடன் நான்கு மீற்றர் எட்டும் பிளாஷ், நான்கு மடங்கு வேகமுடைய 400 பிலிமுடன் எட்டு மீற்றர் எட்டும். கல்யாண மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து அடிப்பவர் ஒளியை வீணே செலவிடுகிறார்.

பிலிமின் வேகத்தை நாம் கமராவுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. சுருள் அடங்கிய உருளையின் மேல் வெள்ளியும் கறுப்புமாகச் சதுரங்கள் பொறித்திருப்பதைக் காணலாம். 1983இல் கொடாக் நிறுவனம் புகுத்திய குறியீடு அது. கமராவினுள்ளேயுள்ள உலோக ஊசிகள் அதனைத் தொட்டு வேகத்தை அறிந்துகொள்ளும். சுருளைக் குளிர்ப்பெட்டியில் வைப்பது நல்லது. ஆனால் எடுத்தவுடன் பொதியைப் பிரித்தால் நம் காற்றின் ஈரம் அதன்மேற் படியும். சில மணி நேரம் வெளியே வைத்த பின்னரே பிரித்தல் வேண்டும். வில்லைக்கும் ஈரமே பகை. மாரியில் பூஞ்சணம் பிடித்த வில்லையை எடுத்தெறியவே நேரிடும். நான் கமராவை இறுக்கமான பிஸ்கற் பேணியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருக்கிறேன். விமான நிலையத்திற் பெட்டிக்குள் வைத்து அனுப்பும் பிலிமைச் சோதனைக் கதிர்கள் கெடுக்கும்; கைப்பையைச் சோதிக்கும் புதிய வகை இயந்திரங்களும் கெடுக்கும். கையால் சோதிக்குமாறு பணிவுடன் கேட்பதே வழி.

கைத்தொலைபேசி இருக்க இத்தனை பாடும் எதற்கு என்று என் மாணவர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. பல காரியங்களுக்குக் கைத்தொலைபேசியே மேல் என்று நானும் சொல்வேன். பிலிம் அழியாதது என்று பெருமை பேசவும் எனக்கு வாயில்லை; எங்கள் ஆல்பம் போன வழியை மேலே சொன்னேன். 2024இல் பென்ராக்ஸ் என்னும் பெயரில் வெளிவந்த புதிய பிலிம் கமராவிலே தன்குவியமே இல்லை. தூரத்தைக் கையாலேயே அமைக்க வேண்டும். எனினும், முப்பத்தாறே உண்டு என்னும் எண்ணம் கையைத் தடுத்துக் கண்ணைத் திறக்கிறது. ஒரு படம் எடுக்குமுன் அம்மாவின் முகத்தை நான் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

பழகுவதற்குப் பிலிமும் தேவையில்லை. வெறுங் கமராவை எடுத்து மாலைதோறும் பாதி அழுத்தி, திருப்பி, முழுதும் அழுத்தினேன். தாயாரே இருந்து தந்தார். “வெறுங் கமராவுக்கு ஏன்ரா நான் சிரிக்க வேணும்?” என்று கேட்டாராயினும் எழுந்து போகவில்லை.

2024ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவையொட்டிப் பெரியம்மா மறுபடியும் வந்தார். ஒரு ஆண்டிற்குள் அவர் நடை தளர்ந்திருந்தது. இனி வருவேனோ தெரியாது என்று அவரே சொன்னார். அதே விறாந்தை, அதே கதிரைகள். இம்முறை பெரியம்மாவின் முகத்தில் அளந்து இரண்டும், தாயாரின் முகத்தில் அளந்து இரண்டுமாக நான்கு படங்கள் எடுத்தேன். பச்சைப் பொட்டு நான்கு முறையும் தோன்றியது. என் விரல் நடுங்கியது எனக்குத் தெரியும். பாதியிற் பிடித்திருந்த விரல் வழுவிவிடுமோ என்ற அச்சம். சுருள் முன்போலவே பெரியம்மாவின் கைப்பையிற் போயிற்று.

ஒக்ரோபர் மாதத்திலே தபாலில் உறை வந்தது. அச்சுப்படத்தை முதலில் தாயாரிடமே கொடுத்தேன். யன்னலருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

“அக்காவின்ரை காதைப் பார். அப்புவின்ரை காது அப்படியே” என்றார். பாட்டனாரின் காது எவ்வாறு இருந்ததென்பது எனக்கு நினைவில்லை. தாயார் சற்றுப் பேசாதிருந்துவிட்டு, லண்டனிலுள்ள மாமாவுக்கும் ஒன்று அடிப்பித்து அனுப்பச் சொன்னார்.