லயத்து வீடும் டாக்கரும்

1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் மலாக்காவில் தோட்டங்கள் பெருகின. தோட்டம் வந்த இடமெல்லாம் லயமும் வந்தது. நீண்ட ஒரே கூரை, நடுவில் தடுப்புச் சுவர்கள், வீட்டுக்கு வீடு வேறு அடுப்பு. அங்கே வளர்ந்தவர்களுக்கு, நிரல்களைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கரை விளக்குவது சுலபம். கூரை, லினக்ஸ் கெர்னல். வீடுகள், கன்டெய்னர்கள். மெய்நிகர் கணினியோ தனிக்கூரை போட்ட பங்களா. இடத்தையும் நினைவகத்தையும் நிறைய கேட்கும்.

இந்த லயத்தில் எந்த வீட்டுக்கு எவ்வளவு நினைவகம் என்று அளந்து கொடுக்கும் 'சிகுரூப்ஸ்' ஏற்பாட்டை 2006-இல் கூகுள் பொறியாளர்கள் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் தொடங்கினார்கள். 2008-இல் அது கெர்னலில் சேர்ந்தது. சாலமன் ஹைக்ஸ் 2013-இல் டாக்கரை மேடையேற்றியபோது அஸ்திவாரம் தயாராக இருந்தது.

இணையம் நன்றாக இருந்தால் டாக்கரை நிறுவும் வேலை எல்லாவற்றையும் 'ஆப்ட்' கட்டளையே பார்த்துக்கொள்ளும். ஜாசின் பக்கம் தோட்டத்துக்குள் கைப்பேசிச் சிக்னலை நம்பியிருப்பவருக்கு? ஆயர் குரோவில் நண்பர் வீட்டில் டாக்கரின் தொகுப்புக் கோப்பைப் பதிவிறக்கிப் பெண்டிரைவில் கொண்டுவரலாம். அது நூறு மெகாபைட்டுக்குள்தான். உங்கள் கணினி 64 பிட்டாகவும், கெர்னல் 3.10-க்குக் குறையாமலும், ஐபிடேபிள்ஸ் 1.4-க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். 32 பிட் பழைய மடிக்கணினியோடு மல்லுக்கட்டாதீர்கள்.

'டார்' கட்டளையால் கோப்பைப் பிரித்தால் உள்ளே டாக்கர், டாக்கர்டி, கன்டெய்னர்டி, ரன்சி எனச் சில நிரல்கள் இருக்கும். நாம் தட்டும் கட்டளையை டாக்கர் வாங்கி டாக்கர்டியிடம் கொடுக்கிறது. அது கன்டெய்னர்டியிடம் சொல்கிறது. கடைசியில் கெர்னலிடம் பேசிக் கன்டெய்னரை எழுப்புவது ரன்சி. எல்லாவற்றையும் 'யூஎஸ்ஆர் பின்' கோப்புறைக்கு நகலெடுத்து, ரூட் அதிகாரத்தோடு டாக்கர்டியை ஓடவிடுங்கள். நிறுவல் அவ்வளவுதான். ஆப்ட் வழியில் போனவர்கள் இந்த வரிசையைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. கைவழியை நான் விரும்புவது அதற்காகத்தான்.

'ஹலோ வேர்ல்ட்' சோதனை மட்டும் இணையமில்லாமல் தடுக்கி விழும், அதற்கான கன்டெய்னர் படிமம் டாக்கர் ஹப்பிலிருந்து வர வேண்டியது என்பதால். டாக்கர் உள்ள நகரத்துக் கணினியில் 'சேவ்' கட்டளையால் படிமத்தைக் கோப்பாக்கி, இங்கே 'லோட்' கொடுங்கள். இரண்டு கணினிகளின் சிப்பும் ஒரே வகையாக இருக்கட்டும்.

கைவேலையின் விலை பிறகுதான் தெரியும். 2024 ஜனவரியில் ரன்சியில் ஓர் ஓட்டை வெளியானது: கன்டெய்னருக்குள் இருப்பவர் வெளியே உள்ள கணினியின் கோப்புகளைத் தொட முடிந்தது. 1.1.12 பதிப்பு அதை அடைத்தது. ஆப்ட்காரர்களுக்கு அது வழக்கமான புதுப்பிப்போடு வந்துவிடும். நகலெடுத்து வைத்தவர் செய்தியைத் தானே கவனித்து, மறுபடி பெண்டிரைவோடு கிளம்ப வேண்டும். ஆகவே கற்பதற்குக் கைவழி. கடைக் கணக்கு ஓடும் கணினிக்கு ஆப்ட்.

இன்னொன்று: மின்சாரம் போய் வந்தால் டாக்கர்டி தானாக எழாது. அதற்கு 'சிஸ்டம்டி' கோப்பு ஒன்று வேண்டும். அடுத்த வாரம் அதை எழுதுவோம்.